பிள்ளைகளுக்கான வேலைச் செயலி: ஏஐ சேர்ப்பதும் நாம் நீக்க வேண்டியதும்

சட்ஜிபிடி 2022 நவம்பரில் வெளியானது. இன்று நிரல் எழுதத் தெரியாதவரும் சாதாரணப் பேச்சில் கேட்டே சிறிய செயலி ஒன்றைச் செய்துவிடலாம். 2025 பெப்ரவரியில் அந்திரேய் கர்ப்பாதி என்ற கணினி அறிஞர் இதற்கு 'வைப் கோடிங்' என்று பெயரிட்டார்.

ஒலுவில் துறைமுகத்துக்குக் கிட்ட இருக்கும் எங்கள் வீட்டில் இரண்டு பிள்ளைகள். அவர்களுக்காக நானும் ஒன்று செய்தேன். பல் துலக்குவது, ஓதப்போவது, புத்தகப்பையை அடுக்குவது என்று ஒவ்வொரு வேலை முடிந்ததும் திரையில் ஒரு தோணி கொஞ்சம் நகரும். எல்லாம் முடிந்தால் கரை சேரும். இவ்வளவையும் ஏஐ ஒரே மாலையில் தந்துவிட்டது. அது கேட்காமலே சேர்த்தவற்றை நீக்கத்தான் நாட்கள் பிடித்தன.

முதலில் வந்தது பதிவுப் படிவம். பிள்ளையின் பெயர், வயது, பாடசாலை, படம். இந்தச் செயலியில் பிள்ளை எத்தனை மணிக்கு எங்கே இருக்கும் என்பதும் பதிவாகிறது. அதையெல்லாம் எங்கோ உள்ள சேவையகம் ஒன்றில் பெயரோடு சேர்த்து வைப்பது என்னவென்று, பெயர்ப் பட்டியல்களுக்குப் பயந்து வாழ்ந்த ஊர்களுக்கு விளக்கத் தேவையில்லை. இலங்கையின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் பிள்ளைகளின் தகவலை விசேட வகையில் சேர்த்திருக்கிறது. "பதிவு வேண்டாம், எல்லாம் இந்தத் தொலைபேசியின் உலாவிக்குள்ளேயே இருக்கட்டும், இணையம் இல்லாமலும் திறக்கட்டும்" என்று கேட்டால் ஏஐ அப்படியே செய்து தரும். பெயருக்குப் பதில் ஒரு பச்சைத் தோணி, ஒரு சிவப்புத் தோணி. பிள்ளைகளுக்கு அது போதும்.

அடுத்தது நெருப்புச் சின்னம். தொடர்ந்து எத்தனை நாள் செய்தாய் என்று எண்ணும், ஒரு நாள் தவறினால் பூச்சியத்துக்குப் போகும். ஒலுவில் துறைமுகம் டென்மார்க்கின் கடனுதவியோடு கட்டப்பட்டு 2013 செப்டெம்பரில் திறக்கப்பட்டது. பிறகு அதன் வாயை மணல் மூடியதும், பக்கத்துக் கரையைக் கடல் அரித்ததும் இந்தக் கரையோரம் எல்லோரும் அறிந்தவை. படகு வெளியே போக முடியாத வாரத்தில் வீட்டின் நேரம் முழுக்க மாறிவிடும். மாரி மழையிலும் அப்படித்தான். அந்த நாளுக்காகப் பிள்ளையின் கணக்கை அழிப்பது, குடும்பத்தின் கஷ்டத்துக்குப் பிள்ளையிடம் தண்டம் வாங்குவது போல. எங்கள் தோணி பின்னால் போகாது, நின்ற இடத்தில் நிற்கும்.

புள்ளிகளையும் பரிசுகளையும் பற்றி எனக்கு வேறு சந்தேகம் இருந்தது. 1973இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகியோர் அமெரிக்காவில் முன்பள்ளிப் பிள்ளைகளிடம் ஓர் ஆய்வு செய்தார்கள். வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று சொல்லி வரையவைத்த பிள்ளைகள், பிறகு தாமாக வரைந்த நேரம் மற்றப் பிள்ளைகளின் நேரத்தில் ஏறக்குறைய பாதிதான். விருப்பமில்லாத வேலைக்குப் பரிசு உதவலாம். ஏற்கெனவே விருப்பத்தோடு செய்வதற்குக் கூலி பேசக்கூடாது. ஆகவே வாசிப்பும் ஓதலும் பட்டியலில் உண்டு, புள்ளி கிடையாது. யார் முதலிடம் என்ற பலகையையும் எடுத்துவிட்டேன். ஒரே வீட்டுக்குள் அது சண்டைக்குத்தான் வழி.

தமிழிலும் வேலை இருக்கிறது. ஏஐ எழுதியது அப்பா, அம்மா. இங்கே வாப்பா, உம்மா. சொற்களின் பட்டியலை முதலிலேயே கொடுத்தால் இது தீரும். எழுத்துச் சிக்கல் வேறு. 'தொழுகை' நமக்கு மூன்று எழுத்து, யூனிகோட்டில் ஆறு குறி. எழுத்துகளை ஒவ்வொன்றாகக் காட்டும் அசைவில் 'த' தனியாக வந்து நிற்கும், கொம்பும் காலும் பிறகு வரும். எழுத்துக் கற்கும் பிள்ளைக்கு இது பிழையான பாடம். "யூனிகோட் குறியாகப் பிரிக்காதே, முழு எழுத்தாகப் பிரி" என்று சொன்னால் ஏஐ திருத்திவிடும். அதைக் கவனிக்க ஒரு தமிழ்க் கண் வேண்டும்.

தரவைத் தொலைபேசியிலேயே வைப்பதற்கு ஒரு விலை உண்டு. உலாவியின் தரவை யாராவது அழித்தால் எல்லாம் போய்விடும். இதற்காக, உள்ளதை ஒரு கோப்பாக இறக்கி வைக்கவும் திரும்ப ஏற்றவும் இரண்டு பொத்தான்கள் கேட்டு வாங்குங்கள். வேறு தொலைபேசிக்கு மாறும்போதும் அந்தக் கோப்பு உதவும்.