மோகன் பாகானும் 'ஆம்' என்னும் இடைச்சொல்லும்

சற்று நீண்ட பதிவு. வரலாறும் மொழியியலும் பயில்வோர்க்கும், தமிழ் விக்கிப்பீடியாவில் எழுத முனையும் முதுகலை மாணவர்க்கும் பயன்படலாம் என்பதால் இங்கே இடுகிறேன்.

கொல்கத்தாவின் மோகன் பாகான் கால்பந்துக் கழகத்தைப் பற்றிய கலைக்களஞ்சியக் கட்டுரையைச் செப்பம் செய்ய அமர்பவர் எதிர்கொள்ளும் இடர் தகவற் பஞ்சம் அன்று, தகவற் பெருக்கு. 1889 ஆகஸ்ட் 15 அன்று வடகொல்கத்தாவில் மோகன் பாகான் என்னும் மாளிகையில் தோன்றி, இன்றளவும் ஆடிவரும் கழகம் அது. அதன் வரலாற்றில் ஒரு நாள் மட்டும் ஏனைய நாட்கள் அனைத்தையும் விழுங்கி நிற்கிறது: 1911 ஜூலை 29. அன்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தின் இறுதியாட்டத்தில் கிழக்கு யார்க்‌ஷயர் படைப்பிரிவை மோகன் பாகான் 2-1 என வென்றது. அந்நாளைப் பற்றி நிகழ்ந்தவையும் சொல்லப்படுபவையும் ஒரே பத்தியில், ஒரே வினைமுற்றில் முடியும் வாக்கியங்களாகக் கலந்து கிடக்கின்றன. கட்டுரையைச் சீர்செய்வது என்றால் இவ்விரண்டையும் பிரிப்பதே முதல் வேலை.

அதற்குமுன் பெயர். வங்காளத்தில் 'பாகான்' என்பது தோட்டம். பாரசீகத்திலிருந்து வந்த சொல், பெங்களூரு லால்பாகின் உறவு. தமிழில் இதைப் 'பாகன்' என்று குறுக்கினால் தோட்டம் மறைந்து யானை வந்துவிடுகிறது. அடுத்து, பெயரின் பின்பாதி. கழகம் முதலில் 'ஸ்போர்ட்டிங் கிளப்'. பின்னர் 'அத்லெட்டிக் கிளப்'. பின்னதைத் 'தடகளக் கழகம்' என மொழிபெயர்ப்பது பிழை. பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கழகப் பெயர்களில் அச்சொல் ஓட்டத்தையும் தாண்டுதலையும் குறிப்பதன்று, உடல்சார்ந்த விளையாட்டுகள் அனைத்தையும் குறிப்பது. சரி, இரண்டையுமே 'விளையாட்டுக் கழகம்' என்றால் பெயர்மாற்றமே மறைந்துவிடும். தனித்தமிழ்ப் பற்றுடைய நண்பர்கள் பொறுத்தருள்க. இங்கே ஒலிபெயர்ப்பே நேர்மையானது.

இனி 1911. ஐயத்துக்கு இடமில்லாதவை எவை? அரையிறுதியில் மிடில்செக்ஸ் படைப்பிரிவோடு முதலாட்டம் சமனாகி, மறுஆட்டத்தில் வெற்றி. இறுதியாட்டத்தில் தலைவர் சிவதாஸ் பாதுரியும் அபிலாஷ் கோஷும் இட்ட கோல்கள். வெறுங்காலுடன் ஆடிய அணியில் காலணி அணிந்தவர் சுதிர் சாட்டர்ஜி ஒருவரே. திடலைக் காண இயலாமல் தொலைவில் நின்ற திரளுக்குக் கோல் நிலவரம் பட்டங்கள் வழியே அறிவிக்கப்பட்டது. (இப்பட்டங்களைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம்.) கூட்டத்தின் அளவுக்கு வந்தவுடன் தரை நழுவுகிறது. அறுபதாயிரம் என்பர் சிலர், எண்பதாயிரம் என்பர் சிலர், ஒரு லட்சம் என்பாரும் உளர். பெரும்பாலோர் திடலுக்கு வெளியே மைதான வெளியில் நின்றவர்கள். அவர்களை எண்ண வழியில்லை. தகவற்பெட்டியோ ஓர் எண்ணைத்தான் கேட்கிறது. என் பரிந்துரை, அக்கட்டத்தை வெறுமையாக விடுதல்.

அடுத்தது கொடிக் கதை. ஆட்டம் முடிந்ததும் ஒருவர் வில்லியம் கோட்டையில் பறந்த பிரித்தானியக் கொடியைச் சுட்டி, 'இது எப்போது இறங்கும்?' என்றாராம். 'அடுத்த முறை மோகன் பாகான் கேடயம் வெல்லும்போது' என்று விடை வந்ததாம். கழகம் மீண்டும் அக்கேடயத்தை வென்ற ஆண்டு 1947! கேட்டவர் யார், விடையளித்தவர் யார் என்பது சொல்வோர்க்குச் சொல்வோர் மாறும். 1947இன் முடிவு தெரிந்த பின்னரே இக்கதைக்குப் பொருள் உண்டு. அதற்கு முன் அது வெறும் பேச்சு, யாரும் நினைவிற்கொள்ளக் காரணமில்லாதது. ஆகவே இன்று நாம் கேட்கும் வடிவம் 1947க்குப் பிந்தியது எனக் கொள்வதே முறை. மேலும், 1947இல் எதிரணி வெள்ளையர் படை அன்று. கிழக்கு வங்காளக் கழகம். கதையில் இது பெரும்பாலும் விடுபட்டுவிடுகிறது.

இதற்காகக் கதையை நீக்க வேண்டும் என்று சொல்ல வரவில்லை. ஒரு சமூகம் தன் வெற்றியை விடுதலையோடு எப்படித் தைத்துக்கொண்டது என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று கிடையாது. ஆனால் அதை எந்த வினைமுற்றில் எழுதுவது?

தமிழ்ப் பேச்சுமொழியில் இதற்கென்றே ஓர் இடைச்சொல் உண்டு: 'ஆம்'. 'கேட்டார்' என்பதற்கும் 'கேட்டாராம்' என்பதற்கும் உள்ள இடைவெளியே செய்திக்கும் கேள்விக்கும் உள்ள இடைவெளி. மொழியியலார் சான்றுமூலம் குறிக்கும் உருபு என்று வகைப்படுத்தும் இதை, உரைநடைக்கு ஒவ்வாதது எனக் கலைக்களஞ்சிய நடை ஒதுக்கிவிட்டது. அதனிடத்தில் வந்து அமர்ந்தது 'கூறப்படுகிறது'. யாரால்? எப்போது? செயப்பாட்டுவினை அதை விழுங்கிவிடுகிறது. சுருக்கி எழுதும் அடுத்தவர் அந்தக் 'கூறப்படுகிறது'வையும் வெட்டிவிட, கேள்வி செய்தியாகிறது. அது போட்டித்தேர்வுக் கையேட்டில் ஏறுகிறது, நாளிதழில் ஏறுகிறது. பிறகு அந்நாளிதழே கட்டுரைக்கு மேற்கோளாகத் திரும்பி வருகிறது. இந்த வட்டத்துக்குள் நுழைந்த வாக்கியத்தை வெளியே எடுப்பது மிகக் கடினம். தொல்காப்பியர் முன்னோர் கருத்தைச் சுட்ட 'என்ப', 'என்மனார்' என்று வினையிலேயே அடையாளமிட்டார். நமக்கு இன்னும் ஒரு படி மேலே செல்ல வாய்ப்பு உண்டு: இன்னார், இந்நூலில், இவ்வாண்டில் எழுதுகிறார் என்று பெயர் சொல்லலாம்.

கொடிக் கதையைவிட ஊறு மிக்கது வேறொரு வாக்கியம்: 'இவ்வெற்றியால் அஞ்சிய ஆங்கிலேயர் தலைநகரை தில்லிக்கு மாற்றினர்.' 1911 டிசம்பர் 12 அன்று தில்லி தர்பாரில் ஐந்தாம் ஜார்ஜ் தலைநகர் மாற்றத்தையும் வங்கப் பிரிவினை நீக்கத்தையும் அறிவித்தது மெய். ஆனால் அரசுப் பிரதிநிதி ஹார்டிங்கின் அவையில் உள்துறை உறுப்பினராயிருந்த ஜான் ஜென்கின்ஸ் இதற்கான குறிப்பை அவ்வாண்டு ஜூனிலேயே அளித்துவிட்டார். இறுதியாட்டத்துக்கு ஏறத்தாழ ஆறு வாரம் முன்பு. அரசின் முறையான முன்மொழிவுக் கடிதம் ஆகஸ்ட் 25ஆம் நாளுடையது. அதனை மட்டும் பார்ப்பவர்க்கு ஆட்டம் முன், கடிதம் பின் என்ற வரிசை காரணமாகத் தோன்றலாம். கொடிக் கதைக்கு 'ஆம்' போதும். இதற்கு மறுப்பே தேவை. இங்கு நடுநிலை என்ற பெயரில் 'சிலர் கருதுகின்றனர்' என்று எழுதுவது நடுநிலை ஆகாது.

'முதல்' என்னும் அடைமொழியும் இப்படித்தான். வெள்ளையர் அணியை வென்ற முதல் இந்திய அணி மோகன் பாகான் என்பர். 1892இலேயே டிரேட்ஸ் கோப்பையில் சோவாபஜார் கழகம் கிழக்கு சர்ரே படைப்பிரிவை வென்றிருக்கிறது. மோகன் பாகானுக்கு உரிய 'முதல்', ஐ.எஃப்.ஏ. கேடயத்தை வென்ற முதல் இந்திய அணி என்பது. அது சிறியதன்று, அதை ஏன் பெருக்க வேண்டும்? கொல்கத்தா லீக்கை வென்ற முதல் இந்தியக் கழகம் முகமதன் ஸ்போர்ட்டிங். 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து முறை. மோகன் பாகான் அந்த லீக்கை முதன்முதலில் வென்றது 1939இல். டூரண்ட் கோப்பையை 1940இல் வென்ற முதல் இந்திய அணியும் முகமதனே. இந்தியக் கால்பந்தின் தேசிய வரலாறு என்று எழுதப்படும் பல பத்திகளில் 1911க்கு ஒரு பக்கமும் 1934க்கு ஒரு வரியும் கிடைப்பது தற்செயல் என்று நான் நம்பவில்லை.

அண்மைக் காலப் பகுதியில் சிக்கல் வேறு வகை. 2020இல் ஏ.டி.கே.யின் உரிமையாளர்கள் கழகத்தின் கால்பந்துப் பிரிவில் 80 விழுக்காடு பங்கைப் பெற்றனர்; அணி 'ஏ.டி.கே. மோகன் பாகான்' ஆயிற்று. ரசிகர் எதிர்ப்புக்குப் பின் 2023இல் 'மோகன் பாகான் சூப்பர் ஜயண்ட்' ஆயிற்று. இதனை 'இணைந்தது' என்பதா, 'வாங்கப்பட்டது' என்பதா? ஏ.டி.கே. 2014, 2016, 2019-20 பருவங்களில் வென்ற மூன்று ஐ.எஸ்.எல். பட்டங்கள் யார் கணக்கு? அவற்றை மோகன் பாகானின் பட்டியலில் சேர்க்கலாகாது என்பதே என் கருத்து. காரணத்தைப் பேச்சுப் பக்கத்தில் விளக்கிவிட்டுப் பட்டியலைத் தொடுவது நன்று; விளக்கமின்றித் தொட்டால் மறுநாள் காலையில் பழைய பட்டியல் திரும்பியிருக்கும்.

அடுத்து முகமதன் ஸ்போர்ட்டிங் கட்டுரையின் 1930கள் பகுதியை விரிவாக்க எண்ணுகிறேன். அக்கால வங்காள, உருது இதழ்களைப் படிக்கவல்லவர் எவரேனும் இருப்பின் கீழே தெரிவியுங்கள். ஆங்கில இதழ்களை மட்டும் வைத்து அப்பகுதியை எழுத எனக்கு மனமில்லை.