தில்லிக் கோட்டைகளும் ஆராய்ச்சியாளரும்

தில்லிக்கு வருகிறவர்கள் ஒவ்வொரு கோட்டை வாயிலிலும் முதலில் கேட்பது, "இதைக் கட்டியவர் யார்?" என்பதே. நூறாண்டுகளுக்கு மேலாக ஆராய்ச்சியாளர்களும் பெரும்பாலும் இதையே கேட்டு வந்தனர். உள்ளே வாழ்ந்தவர் யார் என்ற கேள்வி பிற்பாடே வலுப்பெற்றது. ஆயினும் அது புதிய கேள்வியன்று. ஒரு முறை எழுந்து மறைந்ததுதான்.

1847இல் ஸையத் அகமத் கான், 'ஆஸாருஸ் ஸனாதீத்' என்னும் உருது நூலை வெளியிட்டார். 'பெருமக்களின் அடிச்சுவடுகள்' என்று அப்பெயரை நாம் தமிழாக்கலாம். பிற்காலத்தில் அலிகாரில் கல்லூரி நிறுவிய அவர், அப்போது தில்லியில் முன்சீப். குதுப் மினாரின் மேற்பகுதிக் கல்வெட்டுக்களைப் படிக்கக் கூடையில் அமர்ந்து தொங்கினார் என்று அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதிய ஹாலி கூறுகிறார். அந்நூலின் கடைசிப் பகுதி கட்டடங்களைப் பற்றியதன்று. அக்காலத் தில்லியின் ஞானியர், வைத்தியர், கவிஞர், இசைவாணர் ஆகியோரைப் பற்றியது. 1854இல் வந்த திருத்திய பதிப்பில் அப்பகுதி இல்லை. கட்டடங்கள் கால வரிசையில் அமைந்தன, ஆண்டுகள் செம்மையாயின, மனிதரைத்தான் காணோம். மூன்றே ஆண்டுகளில், 1857இல், அவர்களுடைய தில்லியே சிதறியது. செங்கோட்டையினுள் இருந்த கட்டடங்களிற் பெரும்பாலானவற்றை ஆங்கிலேயர் இடித்துப் படைவீடுகள் எழுப்பினர்.

1861இல் தொல்பொருள் ஆய்வாளராக நியமனம் பெற்ற அலெக்ஸாண்டர் கன்னிங்ஹாம் ராணுவப் பொறியாளர். மதில்களை அளந்தார், பழைய நூல்களில் வரும் பெயர்களுக்கு நிலத்தில் இடம் தேடினார். லால் கோட்டைத் தோமர அரசன் அனங்கபாலனுடையது என்று அவர் கொண்டார். அந்த அளவைகள் இல்லாமல் பின்வந்தோர் ஓர் அடியும் நகர்ந்திருக்க முடியாது. ஆனால் கோட்டையென்றால் மன்னன் பெயரும் போருக்கான மதிலுமே என்ற எண்ணமும் அவ்வழியே நிலைத்தது.

இதன் விளைவைப் புராணா கிலாவில் காணலாம். 1533இல் ஹுமாயூன் அங்கே தீன்பனாஹ் நகரைத் தொடங்கினார். ஷேர் ஷா பின்னர் கட்டினார். எந்தப் பகுதி எவருடையது என்பதே அறிஞரின் நெடுநாள் வாதம். அம்மதிலுக்குள்ளேயே இந்தர்பத் என்றோர் ஊர் குடியும் குடித்தனமுமாக இருந்தது. புதிய தலைநகர் எழுந்தபோது, 1913ஐ ஒட்டி, அவ்வூரை அகற்றினார்கள். பார்ப்பதற்குக் கோட்டை ஒழுங்காயிற்று. மன்னர்களுக்காக வாதிட்ட அறிஞர் அக்குடிகளுக்காக எவ்வளவு மை செலவிட்டனர் என்று நமக்குக் கேட்கத் தோன்றுகிறது.

பிறகு அகழாய்வாளர் வந்தனர். 1954-55இல் பி. பி. லால் அங்கே தோண்டினார். 1969 முதல் 1973 வரை விரிவான அகழாய்வு நடைபெற்றது. மௌரியர் காலம் தொட்டு மொகலாயர் காலம் வரை, அடுக்கடுக்காக மக்கள் வாழ்ந்த தடயங்கள் கிடைத்தன. மட்கலங்களுக்கும் உறைகிணறுகளுக்கும் அரச வமிசாவளியில் இடமில்லை, மண்ணடுக்கில் உண்டு.

துக்ளகாபாத்தின் கதையும் இத்தகையதே. 1320இல் அரசேறிய கியாஸுத்தீன் துக்ளக் எழுப்பிய அந்தச் சாய்ந்த பெருமதிலைக் கண்டோர், அதற்கு அப்பால் நோக்கவில்லை. மெஹர்தாத் ஷொகூஹி, நதாலி ஷொகூஹி என்ற இருவரும் மதிலினுள் கிடந்த நகரத்தின் தெருக்களையும் கட்டடங்களையும் வரைபடமாக்கினர். 2007இல் அது நூலாயிற்று. தமிழ்நாட்டில் செஞ்சியை ழான் தெலோஷ் இவ்வாறே அரணுடைய நகரமாக ஆராய்ந்தார். தேசிங்கு ராஜன் கதை கேட்டு வளர்ந்த நமக்குச் செஞ்சியின் குளமும் களஞ்சியமும் சற்றுச் சப்பென்றிருக்கலாம். முற்றுகையில் உயிர் காத்தவை அவையே. இங்கிலாந்திலும் 1385இல் அனுமதி பெற்று எழுந்த போடியம் கோட்டை, போருக்கா, பெருமைக்கா என்று அறிஞர் வாதாடியிருக்கின்றனர்.

புராணா கிலாவுக்கு 1947இல் மறுபடியும் குடிகள் வந்தனர். பிரிவினைக் கலவரத்தில் வீடிழந்த முஸ்லிம்கள் ஆயிரக்கணக்கில், பாகிஸ்தான் செல்லும் ரயிலை எதிர்நோக்கி, அம்மதிலுக்குள் தங்கினர். அந்த முகாமும் இன்று சரித்திர நூல்களில் இடம்பெறுகிறது. கட்டியவர் பெயரைக் கேட்போருக்கு அது கோட்டையின் வரலாறாகவே தோன்றியிராது.