வேடம் மாறும் புகையிலை

"பீடியை விட்டுவிட்டேன்; இப்போது வெற்றிலையோடு ஒரு துண்டுப் புகையிலை மட்டும்தான்" என்று சொல்பவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். புகை போய்விட்டது, ஆகவே தீங்கும் போய்விட்டது என்பது அவர்கள் கணக்கு. அப்படிச் சொல்பவருக்கு நீரிழிவும் இருந்தால் அந்தக் கணக்கு சரிதானா? இதற்கு விடை காணப் புகையிலையின் வரலாற்றைச் சற்றுப் புரட்டிப் பார்ப்போம்.

மருந்தாக வந்த நஞ்சு

புகையிலை அமெரிக்கக் கண்டத்துப் பயிர். போர்த்துக்கல்லில் பிரெஞ்சுத் தூதராக இருந்த ழான் நிக்கோ, 1560ஆம் ஆண்டில் அதை ஒரு மருந்தென்று எண்ணித் தம் நாட்டு அரசவைக்கு அனுப்பிவைத்தார். அவர் பெயரால்தான் அதிலுள்ள நஞ்சுக்கு 'நிகோடின்' என்ற பெயர் ஏற்பட்டது. அதைத் தனியே பிரித்தெடுத்தவர்கள் ஜெர்மனியைச் சேர்ந்த போசல்ட், ரைமன் என்ற இருவர், ஆண்டு 1828.

இந்தியாவுக்குப் புகையிலையைக் கொண்டுவந்தவர்கள் போர்த்துக்கீசியர். சிதம்பரத்துக்கு அருகிலுள்ள பரங்கிப்பேட்டை அவர்கள் வணிகம் செய்த துறைமுகங்களுள் ஒன்று. ஊரின் பெயரே அதைச் சொல்கிறது. வந்த பயிர் விரைவில் தாம்பூலத் தட்டிலும் இடம்பிடித்தது. புகையிலையைத் தூது விடுவதாகப் 'புகையிலை விடு தூது' என்று ஒரு சிற்றிலக்கியமே தோன்றியது. அதைப் பாடியவரின் பெயர் சீனிச்சர்க்கரைப் புலவர்! அந்நூலை அச்சில் கொண்டுவந்தவர் உ.வே.சாமிநாதையர். 1924 முதல் 1927 வரை சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் தலைவராக விளங்கியவர் அவரே.

சர்க்கரையும் புகையிலையும் ஒரு நூலில் சேர்ந்தது தற்செயல். அவை ஓர் உடலில் சேர்ந்தால் என்ன ஆகும்?

ஓர் உடலில் இரு பகை

நிகோடின் குருதியில் கலந்ததும் அட்ரினலின் சுரப்பைத் தூண்டுகிறது. இதயம் விரைந்து துடிக்கிறது. சிறு குருதிக் குழாய்கள் சுருங்குகின்றன. கல்லீரல் தன்னிடமுள்ள சர்க்கரையைக் குருதியில் விடுகிறது. அதே வேளையில் உடலின் உயிரணுக்கள் இன்சுலினுக்குச் சரிவரச் செவிசாய்ப்பதில்லை. புகைப்பவரின் உடலில் கார்பன் மோனாக்சைடு வாயுவும் சேர்ந்து, குருதி சுமந்து செல்ல வேண்டிய ஆக்சிஜனின் இடத்தைப் பறித்துக்கொள்கிறது.

நீரிழிவும் இதே குழாய்களைத்தான் தாக்குகிறது. கண், சிறுநீரகம், இதயம், பாதம் ஆகியவை இரு பகைவர்களின் நடுவே அகப்பட்டுக்கொள்கின்றன. ஆறாத கால் புண்ணும், சில வேளைகளில் காலையே இழக்க நேர்வதும் இதன் விளைவுகள். நீரிழிவு இல்லாதவரையும் புகை விட்டுவைப்பதில்லை. புகைப்பவர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 30 முதல் 40 விழுக்காடு மிகுதி என்று அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் 2014இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது.

தென்னார்க்காடு தந்த சான்று

இவையெல்லாம் எங்கோ அயல்நாட்டில் நடப்பவை என்று எண்ணிவிடாதீர்கள். 1993 வரை விழுப்புரமும் கடலூரும் தென்னார்க்காடு என்ற ஒரே மாவட்டம். கடலூர் அதன் தலைநகர். அந்த விழுப்புரத்துச் சிற்றூர்களிலும் சென்னை நகரிலும் 1990களில் இறந்த 43,000 ஆண்களின் புகைப்பழக்கத்தை ஆராய்ச்சியாளர்கள் விசாரித்தறிந்தனர். அதை 35,000 பேரின் பழக்கத்தோடு ஒப்பிட்டு, 2003இல் 'லான்செட்' என்ற மருத்துவ இதழில் முடிவை வெளியிட்டனர். புகைத்தவர்கள் காசநோயால் இறக்கும் வாய்ப்பு, புகைக்காதவர்களைப்போல் நான்கு மடங்குக்கும் மேல் என்று தெரியவந்தது. இதய நோயால் நேர்ந்த சாவுகளும் அவர்களிடையே மிகுதி.

இதை நீரிழிவோடு சேர்த்துப் பாருங்கள். நீரிழிவு உள்ளவருக்குக் காசநோய் பற்றும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு கூடுதல். தமிழ்நாட்டில் காசநோயாளிகளைச் சோதித்து 2012இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வில், நால்வரில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. புகை, சர்க்கரை, காசம் ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று கைகொடுக்கின்றன.

மாற்றுகளின் ஊர்வலம்

புகைக்கு மாற்றுத் தேடும் முயற்சி பழமையானது. பொடிமட்டையில் வந்த மூக்குப்பொடியில் புகை இல்லை, நிகோடின் இருந்தது. வாயில் அடக்கும் புகையிலையிலும் அதே கதை. கூடவே வாய்ப் புற்றுநோய். புகையிலை இல்லாத வெறும் பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் பொருளே என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004இல் அறிவித்தது.

வடிகட்டி பொருத்திய சிகரெட் அடுத்து வந்தது. 1952இல் அமெரிக்காவில் 'கென்ட்' என்ற சிகரெட் உடல்நலத்துக்குப் பாதுகாப்பானது என்று விளம்பரம் செய்யப்பட்டது. அதன் வடிகட்டியில் 1956 வரை இருந்தது எது தெரியுமா? புற்றுநோய் தரும் நீலக் கல்நார்!

2003இல் சீன மருந்தாளர் ஹான் லிக் மின் சிகரெட்டை உருவாக்கினார். புகையிலை எரியாததால் நச்சுப் பொருள்கள் சில குறைகின்றன என்பது உண்மை, நிகோடினோ குறைவதில்லை. இந்தியா 2019இல் சட்டம் இயற்றி அதன் உற்பத்தியையும் விற்பனையையும் தடை செய்தது.

நிகோடின் கலந்த மெல்லும் பிசினின் கதை வேறு. நீர்மூழ்கிக் கப்பலில் புகைக்க முடியாத மாலுமிகள் புகையிலையை மென்று சமாளிப்பதை அறிந்த சுவீடன் ஆராய்ச்சியாளர்கள், 1967இல் மருந்து நிறுவனமொன்றில் பணியாற்றிய ஓவே ஃபெர்னோவுக்கு அதைத் தெரிவித்தனர். அவர் உருவாக்கிய பிசின் 1978இல் விற்பனைக்கு வந்தது. உலக நலவாழ்வு நிறுவனம் 2009இல் நிகோடின் மாற்று மருத்துவத்தை இன்றியமையாத மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. ஆனால் அதே சுவீடனில் 1996இல் வெளியான ஒரு சிறு ஆய்வு, இப்பிசினை நெடுங்காலம் விடாமல் மென்றவர்களின் உடலில் இன்சுலினின் ஆற்றல் குறைந்திருந்ததைக் கண்டது. ஆகவே பிசின் புகையைவிட எவ்வளவோ மேல். ஆயினும் அது ஏறிக் கடக்க வேண்டிய படியேயன்றிக் குடியிருக்கும் வீடன்று.

நீங்கள் செய்யக்கூடியது

புகையை விடுபவர் வாய் சும்மா இருக்கிறதே என்று மிட்டாயை நாடுவதுண்டு. நீரிழிவு உள்ளவர் அதைத் தவிர்த்து, சோம்பு, கிராம்பு, ஏலக்காய் போன்றவற்றைக் கொள்ளலாம். விட்ட முதல் சில மாதங்களில் பசி கூடும். எடை சில கிலோ ஏறலாம். சர்க்கரை அளவும் சற்று மாறலாம். இதைக் கண்டு அஞ்சி மீண்டும் பற்றவைக்க வேண்டாம். மருத்துவரிடம் சொல்லி மருந்தின் அளவைச் சரிசெய்துகொள்ளுங்கள். பிசினையும் அவர் சொல்லும் காலம்வரை மட்டுமே பயன்படுத்துங்கள். தனியே விட முடியாதவர்களுக்கு 1800-112-356 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி வழியே நடுவண் அரசு ஆலோசனை வழங்குகிறது.

நானூறு ஆண்டுகளாகப் புகையிலை வேடம் மாறி மாறி வந்திருக்கிறது. அடுத்த முறை ஒரு புதிய மாற்று உங்கள் முன் வைக்கப்படும்போது, புகை வருகிறதா என்று பார்ப்பதோடு நின்றுவிடாதீர்கள். 'இதில் நிகோடின் உண்டா? இதை என்று நிறுத்தப் போகிறேன்?' என்று கேளுங்கள். இரண்டாம் கேள்விக்கு விடை இல்லையென்றால், அது மாற்று அன்று. பழைய பழக்கத்தின் புதிய பெயர்.