சுமைதாங்கியும் மருத்துவச்சியும்

சங்கத்து மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று கேட்டார்கள். ராஜாக்கள் கதையை எழுத நம்மில் அறிஞர்கள் பலர் உண்டு. நான் எடுத்துக்கொண்டது நாம் எல்லோரும் பிறந்த கதை. நம் பழைய மாணவர்களில் மூத்தவர்கள் பலரும் வீட்டில் பிறந்தவர்கள். இன்று படிக்கும் மாணவ மாணவியரோ ஏறக்குறைய எல்லோரும் ஆஸ்பத்திரியில் பிறந்தவர்கள். இந்த மாற்றம் எப்படி வந்தது, இதில் நாம் பெற்றது என்ன, இழந்தது என்ன?

நாஞ்சில் நாட்டுப் பழைய பாதையோரங்களில் சுமைதாங்கிக் கல்லைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் கிடத்தியிருக்கும். தலைச்சுமையோடு போகிறவர் இன்னொருவர் உதவி இல்லாமலே இறக்கி வைத்து இளைப்பாறலாம். இப்படிப்பட்ட பல கற்களுக்குப் பின்னால் ஒரு சாவு உண்டு. வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக நட்டவை அவை. அவள் இறக்கி வைக்க முடியாமல் போன சுமை, வழிப்போக்கர் சுமை இறங்கும்போது இறங்கும் என்பது நம்பிக்கை. "அந்தக் காலத்துல எல்லாமே சுகப்பிரசவந்தான்" என்று சொல்பவர்கள் அந்தக் கல்லை ஒரு தடவை பார்த்துவிட்டு வரணும்.

அன்று பேறு பார்த்தவர் மருத்துவச்சி. கல்குளம், விளவங்கோடு பக்கம் வயத்தாட்டி என்பார்கள். பெரும்பாலும் சவரத் தொழில் செய்த மருத்துவர் குலத்துப் பெண்கள். நெல்லும் தேங்காயும் ஒரு புடவையும்தான் கூலி. வலி வந்த ராத்திரியில் அவர் வேண்டும். விடிந்தால் தீட்டு என்று தள்ளி நிறுத்துவார்கள். பிறந்த பிறகும் குழந்தையைக் குளிப்பாட்டுவது, தாய்க்கு வேது வெந்நீர் ஊற்றுவது, காயம் இடித்துக் கொடுப்பது என்று பல நாள் அந்த வீட்டுக்கு நடப்பார்.

எங்க அம்மைக்கு ஐந்து பேறு. நான்கு வீட்டில், கடைசித் தங்கை மட்டும் ஆஸ்பத்திரியில். மூன்றாவது பிள்ளை எட்டாம் நாள் வாய் பூட்டி, இழுப்பு வந்து போய்விட்டது. தொப்புள் கொடியை அறுத்த கத்தி வழியாக வந்த டெட்டனஸ் அது என்று பின்னாளில்தான் விளங்கியது. அம்மை மருத்துவச்சியை ஒரு நாளும் குறை சொன்னதில்லை. "அவளுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?" என்பாள்.

அது சரியான கேள்விதான். சுத்தம் டாக்டர்களுக்கே தெரியாத காலம் ஒன்று இருந்தது. வியன்னா பெரிய ஆஸ்பத்திரியில் 1840களில் இரண்டு பிரசவ வார்டுகள் இருந்தன. டாக்டர்களும் மாணவர்களும் பார்த்த வார்டில் தாய்மார் சாவு 10 சதவீதம் அளவில். மருத்துவச்சிகள் பார்த்த வார்டில் 4 சதவீதம் அளவில். பிணத்தை அறுத்த கையோடு டாக்டர்கள் பிரசவம் பார்க்க வருவதே காரணம் என்று செம்மல்வைஸ் என்ற டாக்டர் கண்டார். 1847இல் குளோரின் கலந்த நீரில் கை கழுவ வைத்தார், சாவு குறைந்தது. ஆக, கட்டிடம் மட்டும் உயிரைக் காப்பாற்றாது. சுத்தமான கையும், ஆபத்தை அடையாளம் கண்டு உடனே சிகிச்சை தருவதும்தான் காப்பாற்றும்.

நம் பகுதிக்கு மேனாட்டு மருத்துவம் சீக்கிரமே வந்தது. 1838இல் லண்டன் மிஷன் டாக்டர் ஆர்ச்சிபால்டு ராம்சே நெய்யூரில் பணி தொடங்கினார். பிற்காலத்தில் எவரெஸ்ட் ஏறப்போன டாக்டர் சோமர்வெல் அதே நெய்யூரில் பல ஆண்டுகள் பணி செய்தார். நாகர்கோவிலில் சால்வேஷன் ஆர்மியின் கேத்தரின் பூத் ஆஸ்பத்திரி எழுந்தது. அன்று நாம் திருவிதாங்கூர் பிரஜைகள். திருவனந்தபுரம் தைக்காடு பெண்கள் ஆஸ்பத்திரிக்கு 1916இல் தலைமை ஏற்ற டாக்டர் மேரி புன்னன் லூக்கோஸ், மருத்துவச்சிகளைத் துரத்தவில்லை. அவர்களுடைய பிள்ளைகளுக்கே பேறுகாலப் பயிற்சி கொடுத்தார். 1938இல் அவர் சமஸ்தானத்தின் சர்ஜன் ஜெனரல் ஆனார்.

1956 நவம்பர் 1இல் தாய்த் தமிழகத்தோடு இணைந்தோம். ஆரம்ப சுகாதார நிலையங்கள் பெருகின. 1970களின் பிற்பகுதியில் கிராமத்துத் தாய்மாருக்குப் பேறு பார்த்தவர்களுக்கு அரசே பயிற்சி தந்தது. சோப்பு, புது பிளேடு, சுத்தமான நூல் என்ற எளிய பாடம். தடுப்பூசியும் சேர்ந்துகொள்ள, 2015இல் இந்தியாவில் பச்சிளங்குழந்தை டெட்டனஸ் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. எங்க அம்மை அந்தச் செய்தியைக் கேட்க இல்லை.

2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் ஆஸ்பத்திரியில்தான். இது பெரிய சாதனை. அதே கணக்கெடுப்பில் இன்னொரு எண்ணும் உண்டு: 44.9 சதவீதம் சிசேரியன். அறுவை உயிர் காக்கும் வரம்தான். ஆனால் ஏறக்குறைய இரண்டில் ஒரு தாய்க்கு அது தேவையா என்று கேட்பது தப்பில்லையே. அம்மை ஒரு தடவை சொன்னாள்: "வீட்டுல பயம் இருந்துது, பக்கத்துல ஆளும் இருந்துது. ஆஸ்பத்திரியில பயம் இல்ல, ஆளும் இல்ல." அந்தக் குறையை உணர்ந்துதான் 2004இல் அரசு ஆஸ்பத்திரிகளில் உறவுப்பெண் ஒருவரைப் பிரசவத் துணையாக அனுமதிக்கும் ஏற்பாடு வந்தது.

2018ஐ மறக்கக்கூடாது. அந்த ஜூலையில் திருப்பூரில் யூடியூப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்க்கப் போய் ஓர் இளம் தாய் இறந்தார். அது பழைய முறைக்குத் திரும்புவதும் அல்ல. பழைய வீட்டில் கைப்பழக்கமுள்ள மருத்துவச்சியாவது இருந்தார். அதே ஆண்டு டிசம்பரில் மத்திய அரசு, செவிலியருக்கு 18 மாதம் தனிப்பயிற்சி கொடுத்துப் பேறுகால நிபுணர்களாக்கும் திட்டத்தை வெளியிட்டது. மருத்துவச்சி படித்துப் பட்டம் பெற்று, ஆஸ்பத்திரிக்குள்ளேயே திரும்பி வருகிறார் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். வீடா ஆஸ்பத்திரியா என்ற சண்டைக்கு இதைவிட நல்ல முடிவு எனக்குத் தெரியவில்லை.

மாணவச் செல்வங்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்க ஊரில் சுமைதாங்கி நிற்கிறதா, அது யார் பெயரால் நட்டது என்று பாட்டிமாரிடம் கேளுங்க. உங்க அப்பா அம்மையைக் கையில் ஏந்திய மருத்துவச்சி யார் என்றும் கேளுங்க. கேட்டதை எழுதி வைங்க. நம் ஊர் வரலாற்றில் அவர்களுக்கும் ஒரு பக்கம் வேணும்.