லிபர்டி என்றோர் ஊர்: பால்பண்ணை விவசாயி ஹெர்பர்ட் லீயின் வாழ்வும் கொலையும்



நினைவுச் சொற்பொழிவு என்றால் எழுதிக் குவித்தவர், மேடையை ஆண்டவர், சட்டமன்றம் சென்றவர் என்று ஒருவரைத் தேர்ந்து பேசுவது வழக்கம். இவ்வாண்டு நாம் பேச எடுத்துக்கொண்டவர் ஒரு வரியும் எழுதிவைக்கவில்லை. தன் பெயரைக் கையெழுத்திடவே மனைவி சொல்லிக்கொடுத்துத்தான் கற்றார். மாடு வைத்துப் பால் விற்றார், பருத்தி விளைவித்தார், ஒன்பது பிள்ளைகளை வளர்த்தார். 1961 செப்டம்பர் 25 அன்று, அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், லிபர்டி என்னும் சிற்றூரில், சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் அவரைப் பட்டப்பகலில் சுட்டுக் கொன்றார். லிபர்டி என்றால் விடுதலை. ஊருக்கு யார் பெயர் வைத்தார்களோ தெரியாது. நம் பக்கத்திலும் இப்படிப் பொருந்தாப் பெயர் தாங்கிய ஊர்கள் நிறைய உண்டு.

ஹெர்பர்ட் லீ நமக்கு யார் என்று கேட்கலாம். 1946ஆம் ஆண்டு அண்ணல் அம்பேத்கர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். அமெரிக்கக் கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் அவையில் அளிக்கவிருந்த மனுவின் படியைக் கேட்டு எழுதிய கடிதம் அது. டுபாய்ஸும் பதில் எழுதினார். அப்போது டுபாய்ஸ் பணியாற்றிய கறுப்பின மக்கள் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கத்தின் கிளை, ஏழு ஆண்டுகள் கழித்து, லிபர்டி அமைந்திருக்கும் அமிட் கவுண்டியில் தொடங்கப்பட்டது. கிளையைத் தொடங்கியவர் இ.டபிள்யூ. ஸ்டெப்டோ என்ற விவசாயி. தொடக்க உறுப்பினர்களில் ஒருவர் லீ. பேரறிஞர்கள் இருவரின் கடிதங்களை நாம் மேற்கோள் காட்டிக்கொண்டே இருக்கிறோம். அந்தச் சங்கத்தின் அட்டையைச் சட்டைப்பையில் வைத்திருந்ததற்காக உயிரைப் பணயம் வைத்தவர்களைப் பற்றிப் பேசுவது குறைவு.

அவருடைய தொழிலிலிருந்து தொடங்குவோம், அதில்தான் விஷயம் இருக்கிறது. மிசிசிப்பியின் கறுப்பின மக்களில் பெரும்பகுதியினர் வெள்ளை நிலவுடைமையாளரிடம் வாரத்துக்கு உழுதவர்கள். விதை, உரம், வீட்டுக்கான மளிகை எல்லாமே ஆண்டையின் கடன். ஆண்டு முடிவில் கணக்கு எழுதுபவரும் ஆண்டையே. சங்கத்தில் சேர்ந்தால் அடுத்த நாளே குடிசையைக் காலி செய்ய வேண்டும். லீயின் நிலைமை வேறு. 1912இல் பிறந்த அவர் உழைத்துச் சொந்தமாக நிலம் சேர்த்திருந்தார். பருத்தி ஆண்டுக்கு ஒருமுறைதான் காசு தரும். பால்மாடு ஆண்டு முழுவதும் கை கொடுக்கும். காலையும் மாலையும் கறக்க வேண்டும், ஒருநாளும் விட முடியாது, குடும்பம் முழுவதும் அதில் இறங்க வேண்டும். ஆனாலும் அந்த உழைப்பின் பலனுக்கு ஆண்டையின் பேரேட்டில் பக்கம் கிடையாது. கூட்டத்துக்குப் போகிற துணிச்சலைத் தனிமனித வீரமாக மட்டும் பார்ப்பவர்கள் இந்தக் கணக்கைக் காணத் தவறிவிடுகிறார்கள். நிலமும் மாடும்தான் அவரைக் கூட்டத்துக்கு அனுப்பின.

அதுவும் ஓரளவுக்குத்தான். 1954இல் ஷெரீப் ஆட்களோடு வந்து ஸ்டெப்டோவின் கூட்டத்தைக் கலைத்து உறுப்பினர் பட்டியலைப் பறித்துக்கொண்டு போனார். பட்டியல் போனால் பெயர் போனது, பெயர் போனால் கடன் போனது, வேலை போனது. பலர் ஒதுங்கினார்கள். லீ ஒதுங்கவில்லை. கூட்டங்களில் அவர் அதிகம் பேசியதில்லை, ஆனால் தவறாமல் வந்து உட்கார்ந்திருப்பார் என்பதே அவரைப் பற்றிக் கிடைக்கும் சித்திரம். அவரைப் போன்றவர்கள் இல்லாமல் எந்த ஊரிலும் கிளை நிலைத்ததில்லை.

1961இல் அமிட் கவுண்டியில் வாக்காளராகப் பதிவு பெற்றிருந்த கறுப்பினத்தவர் ஒரே ஒருவர். பதிவு செய்யப் போனால் 21 கேள்விகள் கொண்ட படிவம் தருவார்கள். மாநில அரசியல் சட்டத்தின் 285 பிரிவுகளில் ஏதாவதொன்றைப் பதிவாளர் காட்டுவார். அதற்கு விளக்கம் எழுத வேண்டும். விளக்கம் சரியா என்று முடிவு செய்வதும் அவரே. கற்கவிடாமல் தடுத்தவர்களே படிப்பறிவைத் தகுதியாக்கினார்கள். தகுதி, திறமை என்ற சொற்களை இன்றும் யார் யார் உச்சரிக்கிறார்கள் என்பதை நாம் தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

அந்தக் கோடையில் நியூயார்க்கிலிருந்து வந்தார் பாப் மோசஸ், 26 வயது கணித ஆசிரியர், மாணவர் வன்முறையற்ற ஒருங்கிணைப்புக் குழுவைச் சேர்ந்தவர். ஸ்டெப்டோவின் பண்ணைக்கு அருகிலிருந்த சிறிய தேவாலயத்தில் வாக்காளர் வகுப்பு தொடங்கியது. கறுப்பின மக்கள் தங்களுடையது என்று சொல்லிக்கொள்ள முடிந்த பொதுக் கட்டடம் பெரும்பாலான ஊர்களில் தேவாலயம் ஒன்றுதான். ஞாயிறு ஜெபம் நடந்த பெஞ்சில் அமர்ந்து அரசியல் சட்டம் படித்தார்கள். இதைத் தேவாலயத்தின் பெருமையாகச் சொல்ல நாம் வரவில்லை. பயந்து கதவைச் சாத்திய தேவாலயங்களும் தென் மாநிலங்களில் ஏராளம்.

மோசஸுக்கு வண்டி கிடையாது, வழியும் தெரியாது. தன் வண்டியில் அவரை ஏற்றிக்கொண்டு பண்ணை பண்ணையாகப் போனவர் லீ. லீ பால் விற்றுப் பிழைத்தவரை யாருக்கும் சங்கடம் இல்லை. ஓட்டுக்கு ஆள் சேர்க்கிறவரின் வண்டியை ஓட்டினார் என்றதும் நிலைமை மாறியது. ஆகஸ்டு இறுதியில் லிபர்டி நீதிமன்றத்துக்கு இருவரைப் பதிவுக்கு அழைத்துச் சென்ற மோசஸை ஷெரீப்பின் உறவினர் ஒருவர் நடுத்தெருவில் அடித்து மண்டையை உடைத்தார். செப்டம்பர் 24 அன்று நீதித்துறை வழக்கறிஞர் ஜான் டோர் ஸ்டெப்டோவைச் சந்தித்தபோது, ஆபத்தில் இருப்பவர்களில் லீயின் பெயரும் சொல்லப்பட்டது. டோர் லீயின் பண்ணைக்குப் போனார். லீ வீட்டில் இல்லை. டோர் வாஷிங்டன் திரும்பியதும் கிடைத்தது லீயின் மரணச் செய்தி.

25ஆம் தேதி காலை, லீ பருத்தியேற்றிய வண்டியுடன் லிபர்டியின் ஜின்னிங் மில்லில் நின்றார். மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் இ.எச். ஹர்ஸ்ட் பின்னால் வந்து வண்டியை நிறுத்தினார். அண்டைப் பண்ணைக்காரர்; சிறுவயதில் இருவரும் சேர்ந்து விளையாடியவர்கள். வாக்குவாதம், பிறகு தலையில் ஒரு குண்டு. உடல் மணிக்கணக்கில் தரையில் கிடந்தது. லீ இரும்புக் கம்பியை ஓங்கினார், தற்காப்புக்காகச் சுட நேர்ந்தது என்று ஹர்ஸ்ட் சொன்னார். ஒருநாள் கழிவதற்குள் விசாரணைக் குழு அவரை விடுவித்துவிட்டது. கைதே இல்லை.

அந்தக் கம்பியைப் பார்த்ததாகச் சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தப்பட்டவர் லூயிஸ் ஆலன், மரம் வெட்டி விற்கும் கறுப்பினத்தவர். ஆயுதம் தாங்கிய வெள்ளையர் சூழ்ந்திருந்த அறையில் சொன்னதைச் சொன்னார். பிறகு உண்மையை மத்திய அதிகாரிகளிடம் கூறினார். செய்தி ஊருக்குத் திரும்பியது. வேலை வறண்டது, துணை ஷெரீப் ஒருவர் அடித்துத் தாடையை உடைத்தார். ஊரைவிட்டு மில்வாக்கி போக முடிவு செய்து, புறப்படுவதற்கு முந்தைய இரவு, 1964 ஜனவரி 31 அன்று, தன் வீட்டு வாயிலில் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த வழக்கிலும் தண்டனை இல்லை. மேலவளவு முருகேசனை நினைவில் வைத்திருப்போருக்கு, பெயர்ப்பட்டியலில் தொடங்கி மௌனமாக்கப்பட்ட சாட்சியில் முடியும் இந்த வரிசை புதிதாக இருக்காது.

லீயின் அடக்கத்துக்குத் திரும்புவோம், ஏனென்றால் செயற்பாட்டாளர்கள் கேட்க வேண்டியது அங்கேதான் சொல்லப்பட்டது. மோசஸும் சார்லஸ் மெக்டியூவும் அஞ்சலி செலுத்தச் சென்றிருந்தார்கள். லீயின் மனைவி எழுந்துவந்து, என் கணவரைக் கொன்றது நீங்கள்தான் என்று மார்பிலடித்துக்கொண்டு சொன்னார். ஹர்ஸ்டை அவருக்குத் தெரியாததல்ல. அவர் அந்த நேரம் பேசியது வண்டியில் ஏறி வந்தவர்களிடம். அமெரிக்க வரலாற்று நூல்கள் இந்த வாக்கியத்தைப் பெரும்பாலும் துயரத்தின் பிதற்றலாகக் கடந்துவிடுகின்றன. நாம் அப்படிக் கடக்க விரும்பவில்லை. சேரிக்குப் போய் வகுப்பெடுத்துவிட்டு இரவுப் பேருந்தில் நகரம் திரும்பும் நம் எல்லோரையும் நோக்கிக் கேட்கக்கூடிய வாக்கியம் அது. கொலைகாரன் யார் என்பதில் ஐயமில்லை. ஆனால் நம்மை வண்டியில் ஏற்றியவரின் வீட்டில் ஒன்பது பிள்ளைகள், கறக்க வேண்டிய மாடுகள், அடைக்க வேண்டிய கடன் இருந்தன என்பது நம் கூட்ட அறிக்கைகளில் எங்கே எழுதப்பட்டிருக்கிறது?

மோசஸிடம் அந்த அம்மாளுக்குச் சொல்லப் பதில் இருக்கவில்லை. அவர் மாநிலத்தை விட்டுப் போகவில்லை. அக்டோபர் 4 அன்று, பக்கத்து ஊரான மெக்கோமில் பர்க்லண்ட் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர், தங்கள் தோழி பிரெண்டா டிராவிஸ் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டதையும் லீயின் கொலையையும் கண்டித்து வகுப்பைவிட்டு வெளியேறி நகராட்சி மன்றத்துக்கு நடந்தார்கள். உடன் சென்ற மோசஸும் கைதானார். பிறகு பெர்த்தா கோபர் என்ற மாணவி லீயை நினைத்து ஒரு பாடல் எழுதினார். இயக்கக் கூட்டங்களில் அது பல ஆண்டுகள் பாடப்பட்டது. ஹர்ஸ்ட் மீது கடைசிவரை குற்றப்பத்திரிகை இல்லை.