அணுக்கழிவு வைப்பிடமும் மக்கள் கருத்தும்

அணு உலையில் எரிந்து முடிந்த எரிபொருளை எங்கே வைப்பது என்பதில் அந்தந்த ஊர் மக்களுக்குள்ள பங்கு என்ன? தமிழ்நாட்டில் இது கூடங்குளம் அணு உலையை ஒட்டி எழுந்த கேள்வி. 2012இல், அந்த உலையின் கழிவைக் கோலார் தங்கவயலில் புதைக்கலாம் என்ற பேச்சு நீதிமன்றத்தில் எழுந்ததுமே அங்கே மக்கள் தெருவில் இறங்கினர். அரசு அதை மறுத்தது. உச்ச நீதிமன்றம் 2013 மே 6 அன்று உலைக்கு ஒப்புதல் தந்தபோது, எரிந்து முடிந்த எரிபொருளை உலைக்கு வெளியே வைக்கும் மையத்தையும் அமைக்கச் சொன்னது. அதை உலை வளாகத்திலேயே கட்டுவதற்கான கருத்துக்கேட்புக் கூட்டம் 2019 ஜூலை 10 அன்று ராதாபுரத்தில் நடப்பதாக இருந்தது. எதிர்ப்பு வலுத்ததால் தள்ளிவைக்கப்பட்டது. நிரந்தரப் புதைகுழி எங்கே என்று சொல்லாமல் இந்த மையம் "தற்காலிகம்" என்றால் கடற்கரை மக்கள் நம்பாததில் நியாயம் உண்டு.

தேனி மாவட்டப் பொட்டிப்புரத்தில் திட்டமிடப்பட்ட நியூட்ரினோ ஆய்வகம் கழிவுக்கிடங்காகிவிடும் என்ற அச்சமும் பரவியது. அறிவியலாளர்கள் மறுத்தனர்; ஆனால் அச்சம் தணியவில்லை.

பின்லாந்துச் சட்டத்தில் அணுக்கழிவு வைப்பிடத்தை மறுக்கும் உரிமை ஊராட்சிக்கு உண்டு. அங்கே யூராயோக்கி ஊர் மன்றம் 2000இல் புதைகுழிக்கு வாக்களித்துச் சம்மதித்தது. நம் கருத்துக்கேட்புக்கு அந்த வலு இல்லை: கருத்து பதிவாகும், முடிவை அரசே எடுக்கும்.