அன்று இல்லாத அன்டூ



போன வாரம் பழைய மாணவர் ஒருவர் வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தார்: "சார், லேப்வியூ புதுப் பதிப்பில் நைஜல் என்று ஒரு ஏஐ உதவியாளர் வந்திருக்கிறது, பார்த்தீர்களா?" இரண்டு வரியில் பதில் போடலாம் என்று உட்கார்ந்தேன். அது இவ்வளவு நீண்டுவிட்டது. இதில் வரலாறும் உண்டு, நான் கேட்க வேண்டிய ஒரு மன்னிப்பும் உண்டு. பொறுமையாகப் படியுங்கள்.

உறவினர்களுக்காக முதலில் ஒரு விளக்கம். கணினிக்குக் கட்டளைகளை வரிவரியாக எழுதுவதுதான் வழக்கம். லேப்வியூவில் எழுதுவதில்லை, வரைகிறோம். கூட்டலுக்கு ஒரு சிறு படம், வெப்பமானிக்கு ஒரு படம், இவற்றை இணைக்க வயர்கள். முழு எண் போகும் வயர் நீலம், தசம எண் ஆரஞ்சு, ஆம்-இல்லை என்பது பச்சை, எழுத்துகள் இளஞ்சிவப்பு. ஒரு பெட்டிக்குத் தேவையான எல்லாம் வந்து சேர்ந்ததும் அது வேலை செய்யும். வீட்டுச் சமையலை நினைத்துக்கொள்ளுங்கள். பருப்பும் வெந்து, காயும் வெந்து, புளியும் கரைத்தால்தான் சாம்பார் கூடும். எது முதலில் தயாரானது என்பது முக்கியமில்லை. இதற்கு 'டேட்டா ஃப்ளோ' என்று பெயர்.

அளவீட்டுக் கருவிகளின் படிப்புக்கும் நம் ஊருக்கும் பழைய உறவு. 1949-இல் சி. ராஜம் தம் வீட்டை விற்றுக் குரோம்பேட்டையில் எம்.ஐ.டி.யைத் தொடங்கியபோது, வைத்த பாடங்கள் நான்கு: விமானம், ஆட்டோமொபைல், எலெக்ட்ரானிக்ஸ், இன்ஸ்ட்ருமென்ட் டெக்னாலஜி. சிவில், மெக்கானிக்கல், எலெக்ட்ரிகல்தான் இன்ஜினீயரிங் என்று எல்லோரும் நினைத்த காலத்தில், 'அளப்பது' என்பதையே ஒரு தனிப் படிப்பாக வைத்தது பெரிய தொலைநோக்கு. கலாம் அங்கே விமானப் பொறியியல் படித்தார், எழுத்தாளர் சுஜாதா எலெக்ட்ரானிக்ஸ் படித்தார் என்பது உங்களுக்குத் தெரியும். இன்ஸ்ட்ருமென்டேஷன் படித்தவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நான் அந்த இனம், அதனால் சொல்கிறேன்!

நாங்கள் படித்த காலத்தில் அளவீடு என்றால் மீட்டர் முள்ளைப் பார்த்து நோட்டில் எழுதுவது. 1975-இல் கருவிகளைக் கணினியோடு இணைக்கும் ஐஇஇஇ-488 என்ற தரநிலை வந்தது. அடுத்த ஆண்டு அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் ஜேம்ஸ் ட்ரூச்சர்ட், ஜெஃப் கோடோஸ்கி, பில் நவ்லின் என்ற மூவர் நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தைத் தொடங்கி, அந்த இணைப்புக்கான அட்டைகளை விற்றார்கள். அட்டை விற்றது. ஆனால் அதற்கு புரோகிராம் எழுதத்தான் வாங்கியவர்கள் திண்டாடினார்கள். சர்க்யூட் வரையத் தெரிந்த இன்ஜினீயர், சர்க்யூட் போலவே புரோகிராமையும் வரைந்தால் என்ன என்று கோடோஸ்கி யோசித்தார். அப்போதுதான் மவுஸோடும் படத் திரையோடும் மெக்கின்டாஷ் வந்திருந்தது. 1986-இல் லேப்வியூ முதல் பதிப்பு அதில்தான் வெளியானது. 1990-இல் வந்த இரண்டாம் பதிப்பு, படத்தை நேராக இயந்திர மொழிக்கு மாற்றி வேகத்தைக் கூட்டியது. 1992-இல் விண்டோஸுக்கும் வந்தது. அதன் பிறகுதான் நம் போன்ற கல்லூரிகளுக்கு அது எட்டியது.

இனி என் கதை.

1997. நான் வேலை பார்த்த கல்லூரியில் லேப்வியூ நான்காம் பதிப்பு ஒரே ஒரு கணினியில் இருந்தது. ஒரு வகுப்பு முழுவதும் முறைவைத்து அதில் உட்கார வேண்டும். ஒரு மாணவி, ஊரிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கிப் படித்தவள், வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக்கு ஒரு பெரிய படம் வரைந்திருந்தாள். மூன்று லேப் நாள் உழைப்பு. அன்று நடுவில் இருந்த ஒரு பெட்டியைத் தவறுதலாக அழித்துவிட்டாள். அழித்ததும் அதோடு சேர்ந்த வயர்களெல்லாம் அறுந்த கோடுகளாகிவிடும். அறுந்த வயர்களைத் துடைக்க கன்ட்ரோல்-பி அழுத்த வேண்டும் என்று நான்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன். அழுத்தினாள். பாதிப் படம் காலி. அடிக்கடி சேவ் செய் என்றும் நான்தான் சொல்லியிருந்தேன். அதையும் செய்தாள்.

கடைசியாகச் சேமித்த நிலைக்குத் திரும்பும் வசதி இருந்தது. ஆனால் கடைசியாகச் சேமித்ததே அந்தக் காலிப் படம்தான்.

என்னிடம் வந்து நின்றாள். "இவ்வளவு கவனக்குறைவா இருந்தா நாளைக்கு ஃபேக்டரியில் என்ன செய்வே?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். அப்சர்வேஷன் நோட்டில் கையெழுத்துப் போடவில்லை. இன்டர்னல் மதிப்பெண்ணிலும் குறைத்தேன். அவள் ஒன்றும் பேசவில்லை. அடுத்த வாரம் முழுப் படத்தையும் மறுபடி வரைந்து காட்டினாள். மதிப்பெண்ணை நான் திருத்தவில்லை.

1998-இல் ஐந்தாம் பதிப்பு வெளியானது. எங்கள் லேபுக்கு அது வந்தபோது, எடிட் மெனுவில் புதிதாக ஒரு வரி இருந்தது: அன்டூ. செய்ததைத் திருப்பிப்போடும் வசதி. சாதாரண டைப்பிங் மென்பொருளிலேயே எப்போதோ வந்துவிட்ட ஒன்று, லேப்வியூ பிறந்து 12 ஆண்டு கழித்துத்தான் அதில் வந்தது. படத்தில் இது சுலபமில்லை என்பதும் உண்மை. ஒரு பெட்டியை அழித்தால் வயர் அறுகிறது, வயர் அறுந்தால் தூரத்தில் இருக்கும் இன்னொரு பெட்டியின் வகையே மாறுகிறது. இத்தனையையும் நினைவில் வைத்துத் திருப்ப வேண்டும். அன்று வகுப்பில் இதைப் பெருமையாக விளக்கினேன். அந்தப் பெண் எனக்கு ஞாபகமே வரவில்லை.

பிறகு வந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2008-இல் 8.6 பதிப்பில், சிக்கலான படத்தை ஒரே கிளிக்கில் ஒழுங்குபடுத்தும் வசதி வந்தது. அதற்கு முன் "வயரெல்லாம் இடியாப்பம் மாதிரி இருக்கு" என்று எத்தனை பேருக்கு நான் மார்க் குறைத்தேனோ! 2017-இல் எல்லாவற்றையும் புதிதாகச் செய்கிறோம் என்று என்எக்ஸ்ஜி என்ற தனி லேப்வியூவை வெளியிட்டார்கள். பழைய பயனர்கள் பெரிதாக அதற்கு மாறவில்லை. 2020-இலேயே அதை நிறுத்தப்போவதாக அறிவித்துவிட்டார்கள். அதே 2020 ஏப்ரலில், வீட்டில் இலவசமாகப் பழகிக்கொள்ள கம்யூனிட்டி பதிப்பு வந்தது. 2023-இல் எமர்சன் நிறுவனம் நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸையே வாங்கிவிட்டது.

அந்த கம்யூனிட்டி பதிப்பைத்தான் ஊரடங்கில் நானும் பேத்தியும் வீட்டில் நிறுவினோம். ஒரு ஆர்டுயினோ, ஒரு எல்எம்35 சென்சார். ஒரு டிகிரிக்கு 10 மில்லிவோல்ட் தரும் சின்னஞ்சிறு பொருள். மொட்டைமாடியில் வைத்து வெயிலை அளந்தோம். நடுவில் பேத்தி ஒரு பெட்டியை அழித்துவிட்டாள். கன்ட்ரோல்-பி அழுத்தினாள். வயர்கள் போயின. நான் "ஐயோ" என்றேன். அவள் "ஏன் தாத்தா பதறுறீங்க?" என்று சிரித்துக்கொண்டே கன்ட்ரோல்-இசட் அழுத்தினாள். எல்லாம் திரும்பி வந்தது.

எனக்கு அந்த நொடியில்தான் 1997-இன் அந்த முகம் ஞாபகம் வந்தது. அவள் செய்ததும் இதே தவறு, இதே இரண்டு விசை. ஒருத்திக்குச் சிரிப்பு, இன்னொருத்திக்கு எல்லோர் முன்னாலும் தலைகுனிவு. அவள் கவனக்குறைவு என்று நான் எழுதிவைத்தது, அந்த மென்பொருளின் குறை. அதற்கும் அவளைத் தண்டித்தேன். சரிசெய்து கொண்டுவந்தபோதாவது அவளுக்கு உரிய மதிப்பெண்ணைத் தந்திருக்கலாம்.

'புதிய வசதிகள்' என்ற பட்டியல் வரும்போதெல்லாம் இப்போது நான் அதைத் தலைகீழாகப் படிக்கிறேன். ஒவ்வொரு வரியும், நேற்றுவரை எந்தத் தவறுக்கு யாரோ திட்டு வாங்கினார்கள் என்பதன் பட்டியல். உங்களில் பலர் இன்று குழுத் தலைவர்கள், மேலாளர்கள், ஆசிரியர்கள். உங்கள் கீழே வேலை செய்யும் பிள்ளை ஒரே தவறை இரண்டாவது தடவை செய்தால், திட்டுவதற்கு முன் கையில் இருக்கும் கருவியையும் ஒருமுறை பாருங்கள். நைஜல் பற்றிக் கேட்ட தம்பிக்கும் இதுதான் பதில்: கற்றுக்கொள். அது பிழை செய்தால் அதையும் கவனி. ஆனால் அதன் பிழைக்கு உன் ஜூனியரைத் திட்டாதே.

அந்த 1997 பேட்ச் மாணவி இதைப் படிக்க நேர்ந்தால்: அம்மா, தவறு உன்னுடையது இல்லை. என்னை மன்னித்துவிடு. உன் நோட்டில் நான் போடாத அந்தக் கையெழுத்துக்கு அன்டூ இல்லை.

எல்லோரும் நலமாக இருங்கள். வருடத்தில் ஏதாவது பிழை இருந்தால் கீழே திருத்துங்கள், மார்க் குறைக்க மாட்டேன்.